விளம்பரக் காசு வாங்கியவர் பதில் சொல்லட்டும்

ஆடிப்பெருக்கு அன்று பூஜை போட்டுத் தீபாவளி விற்பனையைத் தொடங்குவது சிவகாசிப் பட்டாசுக் கடைகளின் வழக்கம். கடைக்காரர்கள் கற்பூரம் ஏற்றும் காலத்திலேயே இன்னொரு கூட்டமும் தன் தொழிலைத் தொடங்கிவிடுகிறது. அந்தக் கூட்டத்துக்குக் கடை கிடையாது, குடோன் கிடையாது, உரிமம் கிடையாது. விற்பதற்கு ஒரு கம்பி மத்தாப்புக்கூடக் கிடையாது. அதனிடம் இருப்பவை ஒரு போலி இணையதளம், சிவகாசி என்ற பெயர், பேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் யூடியூபிலும் காசு கொடுத்து வாங்கிய விளம்பர இடம்.

விளம்பரத்தைத் தொட்டால் விலைப்பட்டியல் விரிகிறது. 80 சதவீதம் தள்ளுபடி, 90 சதவீதம் தள்ளுபடி என்கிறது. சரவெடி, புஸ்வாணம், சங்கு சக்கரம், கிஃப்ட் பாக்ஸ் என எல்லாவற்றுக்கும் படம் இருக்கிறது. படங்கள் உண்மையான கடைகளிடமிருந்து எடுத்தவை. கடையின் பெயரும் பல நேரம் பெயர்பெற்ற நிறுவனத்தின் பெயராகவோ, அதில் ஓர் எழுத்தை மட்டும் மாற்றியதாகவோ இருக்கும். வாட்ஸ்அப்பில் கனிவாகப் பேசுகிறார்கள். ஜிபேயில் பணம் போனதும் லாரி வாடகை தனி, ஜிஎஸ்டி பாக்கி என்று இன்னொரு தவணை கேட்கிறார்கள். அதையும் வாங்கிக்கொண்டு போனை அணைத்துவிடுகிறார்கள். பிள்ளைகளுக்குப் பட்டாசு வாங்க எடுத்துவைத்த பணத்தை இழந்த குடும்பத்துக்கு அந்தத் திருடனின் முகம் தெரியாது. ‘சிவகாசிக்காரன் ஏமாத்திட்டான்’ என்று நம்மைத்தான் சபிக்கிறது.

நாட்டின் பட்டாசில் ஏறத்தாழ 90 சதவீதத்தைச் செய்து கொடுக்கும் வட்டாரம் இது. 1922-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்த நாள்முதல், ஒரு நூற்றாண்டு உழைப்பில் உண்டான பெயர் சிவகாசி. சாத்தூரிலும் வெம்பக்கோட்டையிலும் திருத்தங்கலிலும் மருந்துக் கலவைக்கு நடுவே உட்கார்ந்து, உயிரைப் பணயம் வைத்து வேலை செய்த ஆண்களும் பெண்களும் சம்பாதித்த பெயர். அந்தப் பெயரைத் திருடர்கள் சில ஆயிரம் ரூபாய் விளம்பரச் செலவில் வாடகைக்கு எடுக்கிறார்கள். வாடகையை வசூலிப்பவை உலகின் மிகப் பெரிய தொழில்நுட்ப நிறுவனங்கள். ஏமாந்தவரின் பேராசை என்று சொல்லி இதைக் கடந்துபோக முடியாது.

சட்டத்தில் இடைவெளி இருந்ததால் இது நடக்கிறதா என்றால், இல்லை. 2018 அக்டோபர் 23 அன்று, அர்ஜுன் கோபால் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: உரிமம் பெற்ற வியாபாரிகள் மட்டுமே பட்டாசு விற்கலாம், ஃப்ளிப்கார்ட், அமேசான் உள்ளிட்ட எந்த இணைய வணிகத் தளமும் பட்டாசுக்கு ஆர்டர் வாங்கக் கூடாது. நீதிமன்றத்தை விடுங்கள். பேஸ்புக்கையும் இன்ஸ்டாகிராமையும் நடத்தும் மெட்டாவும், யூடியூபை நடத்தும் கூகுளும் தாமே எழுதி வைத்திருக்கும் விளம்பர விதிகள்கூட வெடிபொருள், பட்டாசு விளம்பரங்களை அனுமதிப்பதில்லை. அப்படியானால் ஒவ்வோர் ஆண்டும் ஐப்பசிக்கு முன்பே நம் கைபேசித் திரைகளை நிறைக்கும் பட்டாசு விளம்பரங்கள் எந்தக் கதவு வழியாக உள்ளே வருகின்றன? தமிழ்நாடு காவல்துறையின் சைபர் குற்றப் பிரிவு தீபாவளிக்கு முன்னால் எச்சரிக்கை அறிக்கை வெளியிடுகிறது. அந்த அறிக்கை மக்களுக்குத்தான் புத்தி சொல்கிறது. விளம்பரத்துக்குக் காசு வாங்கியவரைக் கேள்வி கேட்பவர் யாரும் இல்லை.

கதவு ஏன் திறந்தே கிடக்கிறது என்பதற்கான விடை 2025 நவம்பரில் ஓரளவு வெளியே வந்தது. மெட்டா நிறுவனத்தின் உள் ஆவணங்களை ஆராய்ந்து ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் ஒரு கட்டுரை வெளியிட்டது. மோசடி விளம்பரங்கள், தடை செய்யப்பட்ட பொருள்களின் விளம்பரங்கள் ஆகியவற்றின் வழியாக 2024-ஆம் ஆண்டு வருவாயில் சுமார் 10 சதவீதம், அதாவது ஏறத்தாழ 1,600 கோடி டாலர் வரும் என்று அந்த நிறுவனமே உள்ளுக்குள் கணக்குப் போட்டிருந்தது. மோசடிக்கான அறிகுறிகள் தெளிவாகத் தெரிந்த விளம்பரங்கள் மட்டும் நாளொன்றுக்கு 1,500 கோடி முறை பயனர்களின் கண்ணில் பட்டதாக இன்னோர் ஆவணம் மதிப்பிட்டது. ஒருவர் மோசடிக்காரர் என்று 95 சதவீதம் உறுதியானால்தான் அவரை விலக்குவார்கள். சந்தேகம் அதற்குக் கீழே இருந்தால் தண்டனையாகக் கூடுதல் விளம்பரக் கட்டணம் வசூலிப்பார்கள். அந்தக் கணக்கு தோராயமானது, அளவுக்கு மீறி எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டது என்று மெட்டா பதில் சொன்னது. தோராயம் என்றே வைத்துக்கொள்வோம். திருடன் என்று சந்தேகம் வந்த பிறகும் அவனிடம் கூடுதல் காசு வாங்கிக்கொண்டு இடம் கொடுக்கும் வியாபாரத்துக்கு எந்த ஊரில் நியாயம் உண்டு?

நம் அந்தரங்கம் இதில் எங்கே வருகிறது என்று கேட்கலாம். நடு இடத்திலேயே வருகிறது. இந்த நிறுவனங்கள் விற்பது திரையில் ஒரு மூலையை மட்டும் அல்ல. நம்மைப் பற்றித் தமக்குத் தெரிந்ததையும் சேர்த்தே விற்கின்றன. யார் எந்த ஊர், என்ன வயது, எதைத் தேடினார், எந்தப் படத்தில் விரல் சற்று நின்றது என்பதையெல்லாம் கணக்கில் வைத்து, எவர் சிக்குவாரோ அவர் முன்னால் விளம்பரத்தைக் கொண்டுபோய் நிறுத்துவதுதான் அவற்றின் தொழில். அதே ராய்ட்டர்ஸ் கட்டுரை சொன்ன இன்னொரு செய்தி இன்னும் கொடியது. மோசடி விளம்பரம் ஒன்றைத் தொட்டவருக்கு, அவருடைய விருப்பம் அது என்று எடுத்துக்கொண்டு, மேலும் மேலும் அதே வகை விளம்பரங்களைக் காட்டும்படி அந்த ஏற்பாடு வேலை செய்கிறது. ஒருமுறை ஏமாந்தவரை இன்னொரு முறை ஏமாறத் தோதானவர் என்று குறித்து வைக்கும் இயந்திரம் அது. திருடனுக்கு வீட்டு விலாசத்தையும் சொல்லி, வீட்டில் ஆள் இல்லாத நேரத்தையும் சொல்லி அனுப்புவதற்கு இது ஈடு.

உள்ளூர் வியாபாரத்தின் பக்கமும் திரும்பிப் பார்க்க வேண்டும். இணைய விற்பனைக்குத் தடை வந்த பிறகு, உரிமம் உள்ள கடைகள் பலவும் ஒரு மாற்று வழி கண்டன. தளத்தில் விலைப்பட்டியல் இருக்கும். வேண்டியதைக் குறித்து, பெயர், விலாசம், கைபேசி எண் கொடுத்து ‘எஸ்டிமேட்’ அனுப்பச் சொல்வார்கள். பிறகு கடையிலிருந்து போன் வரும். சட்டத்தை மீறாமல் பிழைக்க வேண்டும் என்ற நெருக்கடியில் பிறந்த வழி இது. ஆனால் அதன் விளைவு என்ன? வாங்குபவரின் கைபேசி எண்தான் வியாபாரத்தின் முதல் படி ஆகிவிட்டது. நல்ல கடையும் போலித் தளமும் பார்வைக்கு ஒன்றாகிவிட்டன; இரண்டும் எண் கேட்கின்றன, இரண்டும் வாட்ஸ்அப்பில் பேசுகின்றன. ஒரு பருவத்தில் சேரும் எண்கள் பருவம் முடிந்ததும் எங்கே போகின்றன என்று எந்தக் கடையிலும் எழுதி வைப்பதில்லை. தீபாவளிச் சீட்டு பிடிப்பவரின் நோட்டிலும், தளம் அமைத்துக் கொடுத்தவரின் கணினியிலும், சீசனுக்கு மட்டும் வந்த பையனின் போனிலும் அவை கிடக்கின்றன.

இதைச் சொன்னால் பலரிடமிருந்தும் வரும் பதில் ஒன்றுதான்: ‘நம்மகிட்ட மறைக்க என்ன இருக்கு? பார்த்தா பார்த்துட்டுப் போறான்.’ விருதுநகர் நான்குவழிச் சாலையில் சூலக்கரைப் பக்கம் ஆட்சியர் அலுவலகத்துக்கு மனு கொடுக்க வருபவரும் இப்படித்தான் சொல்வார், சிட்கோ தொழிற்பேட்டையில் ஷிப்ட் முடிந்து டீ குடிப்பவரும் இப்படித்தான் சொல்வார். கூகுளுக்கு அபராதம், வாட்ஸ்அப்புக்கு நோட்டீஸ் என்று வரும் செய்திகளை அவர்கள் தங்களுக்குச் சம்பந்தம் இல்லாத பெரிய இடத்துச் சண்டையாகப் பார்க்கிறார்கள். அதே மனிதர்கள் ஆதார் அட்டையின் படத்தை முன்பின் தெரியாத ஜெராக்ஸ் கடையின் எண்ணுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி நகல் எடுக்கிறார்கள். வேலை முடிந்ததும் அந்தப் படம் கடைக்காரரின் போனிலேயே தங்கிவிடுகிறது. பான் அட்டை, வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், ரேஷன் அட்டை எல்லாம் இதே வழியில் போகின்றன. கடைக்காரர் நல்லவராகவே இருக்கலாம். அவருடைய போன் தொலைந்தால், பழுது பார்க்கப் போனால், பழைய பொருளாக விற்கப்பட்டால் அத்தனை பேரின் அடையாளமும் அதோடு சேர்ந்து போகும்.

மறைக்க ஒன்றும் இல்லாதவருக்கும் இழக்க நிறைய இருக்கிறது. பெயரும் எண்ணும் தெரிந்து வரும் மோசடி அழைப்பை நம்புவது எளிது. ‘ஐயா, போன வருசம் நம்ம கடையில வாங்குனீங்களே’ என்று ஒருவர் பேச்சைத் தொடங்கினால் சந்தேகம் எங்கிருந்து வரும்? பெரிய நிறுவனங்களிடமே நம் விவரங்கள் பத்திரமாக இல்லை. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் காப்பீட்டு நிறுவனத்தின் வாடிக்கையாளர் விவரங்கள், மருத்துவ அறிக்கைகள் உட்பட, டெலிகிராம் செயலியில் கேட்டவருக்கெல்லாம் கிடைத்தன என்று 2024 செப்டம்பரில் தெரியவந்தது. மூன்று கோடிக்கும் மேற்பட்டோரின் தகவல் தன்னிடம் இருப்பதாக அதைப் பரப்பியவர் சொல்லிக்கொண்டார். அவற்றை முடக்கச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. அதற்கு முன் 2021-இல், தமிழ்நாட்டு ரேஷன் பயனாளிகள் ஏறத்தாழ 50 லட்சம் பேரின் விவரங்கள் இணையத்தில் கிடப்பதாகச் சைபர் பாதுகாப்பு நிறுவனம் ஒன்று அறிவித்தது. 2024 மே மாதத்தில் தமிழ்நாடு காவல்துறையின் முகம் அறியும் மென்பொருள் தளத்துக்குள்ளேயே ஊடுருவினார்கள். திருடனைப் பிடிக்க வைத்திருந்த பெட்டகத்தையே திருடன் திறந்துவிட்டான் என்றால், சாமானியரின் எண் எம்மாத்திரம்?

கடன் செயலிகள் தந்த வேதனையை நாடு மறந்திருக்காது. அவசரத்துக்குச் சில ஆயிரம் வாங்கியவரின் போனில் இருந்த தொடர்பு எண்களையும் படங்களையும் எடுத்துக்கொண்டு, உறவினர்களுக்கெல்லாம் அசிங்கமாகச் செய்தி அனுப்பி மானத்தை வாங்கினார்கள். உயிரை விட்டவர்களும் உண்டு. 2021 ஜனவரியில் சென்னைக் காவல்துறை சீன நாட்டவர் இருவரைக் கைது செய்தது அந்தக் காலத்தில்தான். அந்தச் செயலிகள் கூகுளின் கடையில்தான் வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. 2021 ஏப்ரலுக்கும் 2022 ஜூலைக்கும் இடையில் மட்டும் 2,500-க்கும் மேற்பட்ட கடன் செயலிகளைக் கூகுள் தன் தளத்திலிருந்து நீக்கியது என்று மத்திய அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. தொடர்பு எண்களைக் கடன் செயலிகள் எடுக்கக் கூடாது என்று 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. அதன் பிறகே கூகுள் 2023-இல் தன் விதியை இறுக்கியது. அரசு அழுத்திப் பிடித்தால் இந்த நிறுவனங்கள் திருந்தும், பிடிக்காவிட்டால் வேடிக்கை பார்க்கும். இந்தப் பாடம் பட்டாசு விளம்பரத்துக்கும் பொருந்தும்.

உரிமை நமக்கு இல்லாமல் இல்லை. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். ஆறு ஆண்டுகள் கழித்து, 2023 ஆகஸ்டில் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாயின. முக்கியமான பிரிவுகள் நடைமுறைக்கு வர 18 மாத அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். அதாவது 2027 மே வரை. 2026 தீபாவளியும் இந்தப் பாதுகாப்பு இல்லாமலேயே வந்து போகும். சட்டத்தில் நல்லதும் உண்டு. நம் விவரங்களை எதற்கு எடுக்கிறார்கள் என்ற அறிவிப்பைத் தமிழிலேயே கேட்டுப் பெறலாம். பாதுகாக்கத் தவறும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். ஆனால் அந்த அபராதம் அரசின் கஜானாவுக்குப் போகும். பாதிக்கப்பட்டவர் கைக்கு ஒரு ரூபாய் வராது. இழப்பீடு கேட்க வழி தந்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவையும் புதிய சட்டம் நீக்குகிறது. பொய்ப் புகார் கொடுக்கும் குடிமகனுக்கு 10,000 ரூபாய் வரை அபராதம் என்று எழுதத் தெரிந்தவர்களுக்கு, உண்மையான புகார் கொடுத்தவருக்கு நிவாரணம் என்று எழுதக் கை வரவில்லை.

நாங்கள் வெறும் மேடை போட்டுக் கொடுப்பவர்கள், மேடையில் ஏறுபவர் செய்வதற்கு நாங்கள் பொறுப்பல்ல என்பது இந்த நிறுவனங்களின் வழக்கமான வாதம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79-ஆவது பிரிவை அதற்குக் கவசமாகப் பிடிக்கிறார்கள். ஆனால் 2023 ஆகஸ்டில் டெல்லி உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு, ஒரு சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தின் வணிகப் பெயர் தொடர்பான வழக்கில், விளம்பர ஏற்பாட்டில் கூகுள் தானும் முனைந்து பங்கெடுக்கிறது, பிறர் பெயரைத் திருட அது துணைபோனால் அந்தக் கவசம் கிடைக்காது என்று சொல்லிவிட்டது. நம் சிவகாசி நிறுவனங்கள் கையில் எடுக்க வேண்டிய தீர்ப்பு இது.

பிற நாடுகள் காத்திருக்கவில்லை. அரசுப் பிரமுகர்களைப் போல வேடமிடும் மோசடிகளைத் தடுக்க நடவடிக்கை எடுக்கும்படி 2025 செப்டம்பரில் சிங்கப்பூர் காவல்துறை மெட்டாவுக்கு உத்தரவிட்டது. தவறினால் 10 லட்சம் சிங்கப்பூர் வெள்ளி வரை அபராதம் என்றது. பிரிட்டனில் 2024 அக்டோபர் முதல், ஏமாற்றப்பட்டுப் பணம் அனுப்பியவருக்கு 85,000 பவுண்டு வரை வங்கிகள் திருப்பித் தர வேண்டும். நம் நாட்டிலேயே முன்மாதிரி உண்டு. பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியில் பதிவு பெற்ற நிறுவனங்கள் கூகுள், மெட்டா தளங்களில் விளம்பரம் செய்ய வேண்டுமானால், செபியிடம் கொடுத்த அதே மின்னஞ்சலையும் கைபேசி எண்ணையும் காட்டித் தங்களைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும் என்று 2025 மார்ச்சில் உத்தரவு வந்தது. பங்கு வாங்குபவருக்குக் கிடைத்த காப்பு பட்டாசு வாங்குபவருக்கு ஏன் கூடாது? 2024-ஆம் ஆண்டில் மட்டும் சைபர் மோசடியில் இந்தியர்கள் இழந்த தொகை 22,845 கோடி ரூபாய் என்று மத்திய உள்துறை அமைச்சகம் நாடாளுமன்றத்தில் சொல்லியிருக்கிறது. இதைவிடப் பெரிய அபாயச் சங்கு வேறு எது ஊத வேண்டும்?

ஆகவே செய்ய வேண்டியவற்றைத் தீபாவளிக்கு முந்தைய வாரத்துக்குத் தள்ளிப்போடாமல் ஆடிக்கு முன்பே செய்ய வேண்டும். மாவட்ட நிர்வாகமும் வெடிபொருள் கட்டுப்பாட்டுத் துறையும் உரிமம் பெற்ற கடைகளின் பெயர், விலாசம், உரிம எண், தொலைபேசி எண் கொண்ட பட்டியலைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் மாவட்ட இணையதளத்தில் வெளியிடட்டும். பெயரைத் தட்டினால் உண்மைக் கடையா, போலியா என்று எவரும் ஒரு நிமிடத்தில் அறியும்படி அது இருக்க வேண்டும். பணம் வாங்கிக்கொண்டு காட்டப்படும் பட்டாசு விளம்பரங்களைத் தம் விதிப்படியே நிறுத்துமாறு மெட்டாவுக்கும் கூகுளுக்கும் மாநில அரசு எழுத்து மூலம் உத்தரவிடட்டும். அதன் பிறகும் ஒரு விளம்பரம் வந்து ஒருவர் ஏமாந்தால், விளம்பரத்துக்கு வாங்கிய காசோடு இழந்த தொகையையும் அந்த நிறுவனமே தர வேண்டும் என்று சட்டம் சொல்லட்டும். போலித் தளம் பற்றிய புகாருக்கு எத்தனை மணி நேரத்தில் நடவடிக்கை எடுத்தார்கள் என்று ஒவ்வோர் ஆண்டும் காவல்துறை பட்டியல் வெளியிடட்டும்.

டான்பாமா போன்ற உற்பத்தியாளர் சங்கங்களுக்கும் வியாபாரிகள் சங்கங்களுக்கும் கடமை உண்டு. தம் பெயரில் இயங்கும் போலித் தளங்களை ஆண்டு முழுவதும் கண்காணித்துப் புகார் கொடுக்க ஒரு குழு வையுங்கள். தனிநபர் கணக்குக்குப் பணம் கேட்பதை நிறுத்துங்கள். கடையின் பெயரில் உள்ள கணக்கும் முறையான பில்லும் மட்டுமே நல்ல கடைக்கு அடையாளம் ஆகட்டும். வாடிக்கையாளரின் எண்ணைச் சரக்குப் போய்ச் சேர்ந்ததும் அழியுங்கள். கமிஷன் தருகிறேன் என்று எவர் சொன்னாலும் வங்கிக் கணக்கையோ சிம் கார்டையோ வாடகைக்கு விடாதீர்கள் என்று ஆலைகளில் வேலை செய்யும் இளைஞர்களுக்குச் சொல்லுங்கள். திருட்டுப் பணம் முதலில் வந்து விழுவது அப்படிப்பட்ட கணக்கில்தான். காவல்துறை முதலில் வந்து நிற்பதும் அந்த வீட்டு வாசலில்தான்.

வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். விளம்பரத்தைப் பார்த்துப் பட்டாசுக்குப் பணம் அனுப்பாதீர்கள். சட்டப்படி அப்படி ஒரு விற்பனையே கிடையாது. ஆதார் நகல் தேவைப்பட்டால் எண்களை மறைத்த ‘மாஸ்க்டு ஆதார்’ எடுத்துக் கொடுங்கள். ஜெராக்ஸ் கடைக்கு அனுப்பிய படத்தை உங்கள் கண்முன்னே அழிக்கச் சொல்லுங்கள். அதைக் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. உங்கள் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்று மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் பாருங்கள். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் அந்த நிமிடமே சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணை அழையுங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பணம் இன்னொரு கணக்குக்குத் தாவும். தேர்தலுக்கு வாக்குக் கேட்டு வருபவரிடம் சாலையும் குடிநீரும் கேட்பதுபோல் இதையும் கேளுங்கள்: எங்கள் விவரத்தை விற்று, எங்கள் ஊர்ப் பெயரில் நடக்கும் கொள்ளையில் பங்கு வாங்குபவரை எப்போது கூண்டில் ஏற்றுவீர்கள்? பதில் வரும்வரை கேட்டுக்கொண்டே இருங்கள்.